கோயிலில் மாட்டிய முதல் படம்

என் உசுரான அண்ணே,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஹட்டனில் பள்ளிக்கூடம் விட்டாயிற்று. ஆசிரியர் அறையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மூன்றாவது நாளாக விடாத மழை.

உன் மென்பொருளைப் பற்றிய கட்டுரை முடியும் தறுவாயில் இருக்கிறது. அளந்த எண்களைக் கொடுத்தால் வரைபடமாக்கித் தரும் உன் செல்லப்பிள்ளையை உலகத்துக்குக் காட்ட, எடுத்துக்காட்டாகச் சில படங்கள் வேண்டுமாம். எதைப் போடுவது, எதை விடுவது என்று நிமலுக்கும் எனக்கும் இழுபறி. உன்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த அதே நிமல்தான். உன் சாவு வீட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்திலேயே அழுத மனிதர்.

கடலடித் தரையின் படம் ஒன்று, நாடு முழுக்கப் பெய்யும் மழையின் படம் ஒன்று. இரண்டும் கண்ணுக்கு அழகு, சண்டை இல்லை. மூன்றாவதுதான் தகராறு. அது நம் மலை.

ஆரம்பித்து வைத்தது நீதானே? "நம்ம மலையும் ஒரு தடவ அச்சுல வரட்டும்டி" என்றாய். தரை நகர்கிறதா என்று பார்க்க அசையாத ஓர் இடம் வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்றாய். தோட்டத்தில் எது அசையாதது? நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளை இடித்துக் கட்டுவார்கள், ஆபீஸை இடம் மாற்றுவார்கள், தோட்டத்தை நடத்தும் துரைமார் வருவார்கள் போவார்கள். மாரியம்மன் கோயில் ஒன்றுதான் இருந்த இடத்தில் இருக்கிறது. "கோயில் படிதான் நம்ம பூச்சியம்" என்று கருவியை அங்கே வைத்தாய். அம்மா அதற்கும் விபூதி பூசி எலுமிச்சம்பழம் வைத்தாள். அன்றைக்கு நம்மில் ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா, சொல்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளப்போம் என்றாய். அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய், பாவி. நான்தான் அளந்தேன், நீ அளந்த அதே இடங்களை, அதே படியிலிருந்து. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை உன் மென்பொருளிடம் கொடுத்தேன்.

படம் வந்தபோது சிரித்துவிட்டேன். நம் லயமும் கோயிலும் வெள்ளை வெளேரென்று துளிகூட அசையாமல் இருந்தன. சுற்றிலும் எல்லாம் சிவப்பு. துரை பங்களா, தேயிலை பெக்டரி, எதிர்மலை எல்லாமே நகர்ந்திருந்தன. நிமலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நங்கி, இதைத்தான் முதல் படமாகப் போட வேண்டும்" என்றார், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லி. நான் ஒரு பிரதி எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா சும்மா இருப்பாளா? தோட்டத் தலைவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை போட்டு, கோயிலிலேயே மாட்டிவிட்டார். "ஆத்தா இருக்கிற எடம் அசையல, தொர பங்களாதான் ஆடுது" என்று கொழுந்து பறிக்கும் மலையெல்லாம் ஒரே கும்மாளம்.

படத்துக்குக் கீழே விளக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. சிவந்த இடங்களெல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவு, நம் லயத்துக்கு மேலே உள்ள மேட்டுப் பக்கமாக ஏறியிருந்தன. எந்த மலையாவது மேட்டைப் பார்த்து ஏறுமா, அண்ணே? அத்தனை மலையும் சேர்ந்து மேலே ஏறவில்லை. கோயில் படிதான் கீழே இறங்கியிருக்கிறது. கோயிலோடு சேர்ந்து இறங்கியதால் நம் லயம் அசையாதது போலத் தெரிந்திருக்கிறது.

எதிர்மலை உச்சியில் நில அளவைக்காரர்கள் நட்ட கல் இருக்கிறதே, போகிற போக்கில் அதையும் நீ அளந்து வைத்திருந்தாய். அதைப் பூச்சியமாக்கித் திரும்ப வரைந்தேன். பங்களா வெளுத்தது. பெக்டரி வெளுத்தது. சிவப்பு முழுவதும் ஒரே இடத்தில் வந்து நின்றது. லயத்துக்கு மேலே இருக்கும் தேயிலையில் தொடங்கி, லயத்தையும் கோயிலையும் வளைத்துக்கொண்டு, ஒரு லாடம் போல.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கோயில் படிக்கும் மண்டபத்துக்கும் நடுவே சிமெந்து பூசியிருந்தார்கள். அந்தச் சிமெந்தும் வெடித்திருந்தது. வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. "மழ ஈரத்துல மரம் ஊதிருச்சுடி" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக் கதவையும் சாத்த முடியவில்லை, அதற்கடுத்ததையும்தான்.

சொல்லாத இடம் இல்லை. அதிகாரிகளிடம் சொன்னேன், வந்து பார்க்கிறோம் என்றார்கள். நிமல் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம் என்கிறேன். கட்டுரையில் இது வேண்டாம், பிழையைக் காட்டினால் உன் மென்பொருளின் பெயர் கெடும் என்று அவர் தயங்குகிறார். துரை இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோயிலில் தொங்குவதும் நீங்கள் வரைந்ததுதானே, டீச்சர்? இதில் எதை நான் நம்ப வேண்டும்?" என்று கேட்டார்.

அம்மாவிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "மண்ணு நகருதும்மா. ஹட்டனுக்கு வந்துருங்க. லயத்து சனத்தையும் கீழ ஸ்கூலுக்கு எறக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியவன் வச்ச புள்ளிய நீ எதுக்குடி மாத்துன? அவன் கையால, ஆத்தா வாசல்ல வச்சது. அவன் போனதும் அவன் வேலையையும் தப்புன்னு சொல்ல வந்துட்டியா?"

நீ தப்பாக அளக்கவில்லை, நிற்கும் இடத்தை நம்பினாய், அவ்வளவுதான் என்றேன். அவள் காதில் ஏறவில்லை. அந்தப் படம் அவளுக்கு மண்ணைப் பற்றியது இல்லை. நீ அவளுக்கு விட்டுப்போனது அது. அவள் இடத்தில் இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, அண்ணே. இருந்து தொலைத்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடமிருந்து போன் வந்தது. மழை இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"லயத்துக்குப் பின்னால தண்ணி கலங்கலா வருதுடி. நீ பயப்படாத. வீட்டுல யாரும் இல்ல. பச்சப்புள்ளக்காரங்க, வயசானவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு வந்துட்டோம். இங்கதான அசையாது. அண்ணனோட மலப் படத்துக்குக் கீழதான் ஒக்காந்திருக்கேன்."

அம்மா, வெளியே வாங்க, கீழே இறங்குங்க என்று கத்தினேன். இணைப்பு அறுந்துவிட்டது. தலைவரின் போனும் வேலை செய்யவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஆட்டோ ஒன்றைப் பிடித்துவிட்டேன். தோட்டத்துக்குப் போகிற வழியில் நோர்வூட் வரைக்கும்தான் வருவேன் என்கிறான் ஆட்டோக்காரன். அதற்கு மேல் நடப்பேன். மீதியை ஓடும் ஆட்டோவில் மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

படத்தை நம்ப மாட்டாள், என்னை நம்ப மாட்டாள். கனவை நம்புவாள். நேற்று நீ என் கனவில் வந்தாய் என்று சொல்லப் போகிறேன். நனைந்துபோய் வந்து நின்றாய், "அம்மாவ கோயில்ல இருக்க விடாத, எல்லாரையும் கூட்டிக்கிட்டு கீழ எறங்கச் சொல்லு" என்றாய் என்று, அம்மன் முன்னாலேயே சத்தியம் பண்ணப் போகிறேன். நீ ஒரு நாள்கூட என் கனவில் வந்ததில்லை. பரவாயில்லை. நம் லயத்தைக் கீழே இறக்காமல் நான் திரும்ப மாட்டேன், அண்ணே. அம்மா நிமிர்ந்து, கோயிலில் தொங்கும் உன் மலைப் படத்தைப் பார்த்து, "நெசமாவாடா?" என்று கேட்பாள். அப்போது மட்டும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

உன் பொய்க்காரத் தங்கச்சி,
அம்மாவின் சின்னவள்