மூன்று டாக்டர்கள், ஒரே உடம்பு

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நீ கேட்டதால் என் உடம்பைப் பற்றி எழுதுகிறேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், முட்டி வலி மூன்றும் பழைய சரக்கு. இப்போது பாதங்களும் வீங்குகின்றன. இதய டாக்டர் நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினார். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தூக்கம் போயிற்று. சர்க்கரை ஏறியது, சர்க்கரை டாக்டர் தன் பங்குக்குக் கூட்டினார். போன வாரப் பரிசோதனையில் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறதாம். "இப்படியே போனா டயாலிசிஸ்தான் சார்" என்றார் இதய டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒருவர் வைத்தியத்தை இன்னொருவரிடம் பேசுவது குறை சொல்வதுபோல் ஆகிவிடாதா? அதனால் மூவர் சொன்னதையும் வாய்திறக்காமல், தவறாமல் செய்கிறேன்.

உன் வீட்டின் கீழ்ப்பகுதி காலியாயிருக்கிறது, வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் அக்கா துணி உலர்த்திய பால்கனி இங்கே இருக்கிறது. மாலையில் நாங்கள் ஊர்க்கதை பேசி நடந்த ஆற்றோரப் பாதையும் இருக்கிறது. லிஃப்ட் நின்றபின் நான்கு மாடி ஏறி இறங்க முடியாமல் அந்தப் பக்கமே போகவில்லை என்பது வேறு விஷயம். தவிர, உனக்கும் பாரமாக வேண்டுமா?

அன்புடன்,
அத்தான்

மார்ச் 12

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இவளிடம் படித்துக் காட்டினேன். "ஊருக்கெல்லாம் தண்ணி விட்ட மனுஷன், தன் கால்ல தேங்குற தண்ணிக்கு வழி தெரியாம நிக்கிறாரே" என்றாள். சொன்னது அவள், கோபம் என்மேல் வேண்டாம்.

ஒரு தெருவில் தண்ணீர் வராவிட்டால் அந்தத் தெருவையே தோண்டாதீர்கள், குழாய் வரைபடம் முழுவதையும் விரியுங்கள் என்று குடிநீர் வாரிய ஆபீசில் எத்தனை பேரை அதட்டியிருப்பீர்கள். அதட்டியிருக்க மாட்டீர்கள், கெஞ்சியிருப்பீர்கள்.

அக்கா இருந்தவரை உங்களுக்கு மூன்று டாக்டர் இருந்ததாகவே தெரியவில்லை. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போய், "அங்க இதைக் குடுத்திருக்காங்க, உங்களுக்குச் சம்மதமா?" என்று பஞ்சாயத்து வைப்பாள். நீங்கள் வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அவள் போனாள், அவர்களுக்குள் பேச்சுவார்த்தையும் நின்றுபோனது.

எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு, ஒருவர் மேஜையில் கொட்டுங்கள். பாரம், கீரம் என்றெல்லாம் இனி எழுதாதீர்கள். கீழ்ப்பகுதியை என் மகளின் தோழி கேட்கிறாள். மாதக் கடைசி வரை பதில் சொல்லாமல் இழுப்பேன். அதற்குமேல் என்னால் முடியாது.

உங்கள்,
மச்சான்

மார்ச் 25

அன்புள்ள மச்சானுக்கு,

கொட்டினேன். சர்க்கரை டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மூட்டு டாக்டர் கொடுத்த வலி மாத்திரையில் அவர் கை நின்றது.

"இது எப்பலேருந்து?"

"லிஃப்ட் நின்னதுலேருந்து."

"அழுத்தத்த ஏத்துறதும், கால்ல நீரத் தேக்குறதும் இதாத்தான் இருக்கும். சிறுநீரகத்துக்கும் ஆகாது. ஏன் சார் எங்க யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கல."

அவர் சிரித்துவிட்டார். மற்ற இருவருக்கும் என் எதிரிலேயே போன் செய்தார். யாருக்கும் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை.

"சாப்பாடு?"

"பாக்கெட் சூப்."

"அத்தனையும் உப்பு. காய்கறி வாங்குறதில்லையா?"

"தூக்கிட்டு மாடி ஏற முடியல."

"வீட்ல கூட யார் இருக்கா?"

"யாருமில்ல."

பேனாவை மூடி வைத்தார். "இதுக்கு நான் என்ன எழுதித் தரட்டும் சார்?"

வலி மாத்திரையை நிறுத்தியதும் வீக்கம் வடிந்துவிட்டது. சிறுநீரகம் எவ்வளவு மீளும் என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும். முட்டி வலி திரும்பிவிட்டது. அந்த வலியோடு உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் ஒரு படம் வரைந்தேன். வீக்கம், தூக்கம், சர்க்கரை, சூப், முட்டி. எதிலிருந்து கோடு இழுத்தாலும் இந்த வீட்டுப் படிக்கட்டுக்கு வந்தது. அதற்கும் பின்னால் போனால் உன் அக்கா இல்லாதது. அதை மாற்ற முடியாது. படிக்கட்டை மாற்றலாம். நான் எங்காவது தப்பாக வரைந்திருந்தால் சொல்.

கீழ்ப்பகுதியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. காலி செய்வதாக இன்று காலை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். திரும்பி வந்து, உலர்த்தத் துணி எதுவும் இல்லாமலே பால்கனியில் போய் நின்றேன். அது எந்த நோயின் அறிகுறி என்று யாரிடமும் கேட்கப்போவதில்லை.

அன்புடன்,
அத்தான்