அவ்வளவு நேரம் என்ன பேச்சு

நவ. 11, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பெருங்களத்தூர் சிக்னலில் ஆட்டோக்காரர் பாதியில் இறக்கிவிட்டார். "தண்ணி நின்னுகினு கீது, இதுக்கு மேல வண்டி போவாதும்மா." நான் கணக்கு எழுதும் பட்டறைக்குள் நுழையும்போது புடவை ஓரமெல்லாம் சேறு.

மதியம் ஒரு போன். "அக்கா, சாப்டாச்சா?" குரல் பிடிபடவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பவரிடம் நீ யார் என்று எப்படிக் கேட்பது? "யாரு, குமாரா?" என்றேன். "ஆமாக்கா, சளி. அதான் குரல் இப்டி." நமக்கு ஸ்டீல் தகடு அனுப்பும் கம்பெனி குமார். போன மாத பில் எண்ணைச் சரியாகச் சொன்னார். பேங்க் கணக்கு மாறிவிட்டதாம், புது விவரம் மெயிலில். பணம் அனுப்பியாயிற்று.

"ஏன்க்கா டல்லா பேசறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். மார்பில் கட்டி, தாம்பரத்தில் ஸ்கேன் எடுத்தது, பயம், எல்லாம். வீட்டுக்காரரிடம் கூட இன்னும் சொல்லவில்லை. "ஒண்ணும் இருக்காதுக்கா" என்றார். மனசு லேசாயிற்று.

வாங்க: கொசுவத்தி, தைலம், கொத்தமல்லி.

நவ. 14, வெள்ளி

தூறல். குமார் போன். "மேடம், பேமென்ட் இன்னும் வரலையே?"

மேடம்! குமார் என்னை ஒருநாளும் அக்கா என்றதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் இல்லை. செவ்வாய்க்கிழமை பேசினீர்களே என்றேன். "நானா? இல்லையே மேடம்." அன்றைக்குப் பேசியவன் தன் பெயரே சொல்லவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பேங்கில் கேட்டால், பணத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்களாம். சைபர் கிரைமில் புகார். முதலாளி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நவ. 15, சனி

முதலாளி என் போனை வாங்கி அந்த அழைப்பு எத்தனை நிமிஷம் என்று பார்த்தார்.

"பில் விஷயம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். மிச்ச நேரம் அவன்கூட என்ன பேசினீங்க?"

"மழையப் பத்தி சார்."

"இவ்ளோ நேரமா?"

நானும் உடந்தை என்று நினைக்கிறார். சொல்லாவிட்டால் வேலை இல்லை, திங்கட்கிழமை வரை யோசித்துக்கொள்ளுங்கள் என்கிறார். இந்த ஆள் முன்னால் மார்பு, கட்டி என்று எந்த வாயால் சொல்ல? சொன்னாலும் நாடகம் ஆடுகிறேன் என்பார்.

வீட்டுக்காரரும் அதே கேள்வி. "யாருன்னே தெரியாதவன்கிட்ட அவ்ளோ நேரம் என்ன பேச்சு?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். சீ, என்ன பிழைப்பு.

நவ. 16, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. கடைக்குப் போவதாகச் சொல்லி ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி வந்தேன். பிரிக்கவில்லை. ஹேண்ட்பேகில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்.

நவ. 17, திங்கள்

ஒரு வாரம் கழித்து வெயில். என் மேஜைக்கு எதிரே சுவரில் புதுத் தாள், முதலாளி கையெழுத்து. பில், பேங்க் என்று யார் பேசினாலும் உடனே கட் செய்யவும். நம்மிடம் உள்ள பழைய நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்கவும். பெயரை நாம் சொல்லக் கூடாது.

முதலாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே போன்.

"அக்கா, குமார் பேசறேன். ஸ்கேன் ரிப்போர்ட் வந்துச்சா? என்னக்கா சொன்னாங்க?"

அடுத்த பில்லுக்கு அடி போடுகிறான். தெரிகிறது. தெரிந்தும் போனைக் காதிலிருந்து உடனே எடுக்கவில்லை. இத்தனை நாளில் வேறு யாராவது கேட்டார்களா? கட் செய்தேன். தாளில் எழுதியிருந்தபடி பழைய நம்பருக்குக் கூப்பிட்டேன்.

"நான் பண்ணலையே மேடம்" என்றார் குமார்.

"தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

"அவன்தானே? என்ன கேட்டான்?" என்றார் முதலாளி.

நாக்கு நுனி வரை வந்தது.

"மழையப் பத்தி சார்."

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே சுள்ளென்று வெயில்.

நாளையிலிருந்து வர வேண்டாமாம். ரிப்போர்ட் இன்னும் பிரிக்கவில்லை.