மேலங்கியில் உங்கள் தையல்

ஊரெல்லாம் சண்டை மாஸ்டர் என்று கும்பிடும் என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி எழுதுவது.

நீங்களும் நம் பெண் வாண்டுவும் நலம் என்று பார்சலுக்குள் சீட்டு வைத்திருந்தீர்கள். அது பொய் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "ஷாட் ரெடி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. மேலங்கியின் மடிப்புக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன். மேலங்கி வேண்டுமென்றால் இதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு அதற்குப் பொறுமை இருக்காது. தண்ணீர் மோட்டார் மறுபடியும் முனகிக்கொண்டிருந்தது. உங்கள் தம்பி வந்து கழற்றிப் பார்த்தார். அவர் பார்த்த பிறகு முனகலும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாடிவீட்டுக்காரர் குடம் குடமாகத் தந்து உதவுகிறார். தையல் அறையில் வேலை குறைவு, கட்டிங் மேசையில் உங்கள் படத்து ராணியின் மேலங்கி மட்டும்தான் கிடக்கிறது. பிரஷர் மாத்திரையை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். பார்சலில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை மேலே படிப்பதற்கு முன் ஒன்று போட்டுக்கொண்டாலும் தப்பில்லை.

"ஓரம் ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது, தைத்துச் சீக்கிரம் அனுப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் சொல்கிறீர்கள் இதை? அந்தத் துணியை வெட்டியது நான். ஆணி என்றால் துணியில் ஓட்டை போட்டு அங்கிருந்து கிழிக்கும். இங்கே கீழோரத்தில் ஒரு பூட்ஸின் அடிப்பாகம் வெள்ளைப் புழுதியோடு அப்படியே பதிந்திருக்கிறது. கிழிந்திருப்பதோ மேலே, தோள்பட்டையில். மிதிபட்டது ஓர் இடம், கிழிந்தது வேறு இடம். அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் நம் மகள்.

இந்த உடையை நான் எந்த யோசனையோடு தைத்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். கதாநாயகி ஏதோ ஒரு கிரகத்தின் ராணி. விண்கப்பல் ஓட்டத் தெரிந்த ஜனங்கள், சண்டை என்று வந்தால் மட்டும் வாளைத் தூக்குகிறார்கள். ஏன் என்று டைரக்டரிடம் கேட்டதற்கு, "அதுதான் மேடம் அவங்க கலாச்சாரம்" என்றார். சரி, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அந்த ராணிக்குப் பதிலாக முகமூடி போட்டுக்கொண்டு சண்டை போடுவது நம் வாண்டு. அவள் கையில் இருப்பது பச்சை நாடா சுற்றிய குச்சி. நீல வெளிச்சத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வார்கள். வாள் பொய், கிரகம் பொய், ராணியும் பொய். உள்ளே இருக்கும் கழுத்து மட்டும் நிஜம்.

அதை நினைத்துத்தான், முதுகில் தரை வரை தொங்கும் அந்த மேலங்கியை இரண்டு தோளிலும் பிரஸ் பட்டனில் மாட்டினேன். கழுத்துக்கு முன்னால் போகும் பட்டை வெறும் அழகுக்கு. பின்னாலிருந்து யாராவது மிதித்தாலோ இழுத்தாலோ பட்டன் இரண்டும் பட்டென்று விட்டுவிட வேண்டும். துணி போகட்டும், ஆள் தப்பிக்கட்டும். உங்கள் பயிற்சிக் கூடத்தில் நீங்களே அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது சரியா இருக்கு" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது. அன்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பார்சலைப் பிரித்து மேசையில் விரித்தேன். பட்டனைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. மேலே தையல். கறுப்பு நூலை இரட்டையாகப் போட்டு, ஒரே இடத்தில் குத்திக் குத்தி, குத்துக்கு ஒரு முடிச்சு. எந்த டெய்லரும் அப்படித் தைக்கமாட்டான். வாள் மாட்டும் தோல் பெல்ட்டை நீங்கள் தைப்பது அப்படித்தான். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து, தைக்கிறீர்களா மூட்டை கட்டுகிறீர்களா என்று சிரித்திருக்கிறேன். இப்போது அதைப் பிரிக்கக் கத்திரியை எடுத்தேன். கத்திரி நுனி உள்ளே போகவில்லை, பிளேடு வைத்து அறுக்க வேண்டியிருந்தது. வலது தோளில் அந்தத் தையல் அசையவே இல்லை. இடது தோளிலும் தையல் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த துணிதான் பிய்ந்து வந்திருக்கிறது. அந்தத் துணி பிய்வதற்கு எவ்வளவு பலமாக இழுபட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். மேக்கப் கறை போயிருக்கிறது. அதன் அடியில் இருக்கும் பழுப்புக் கறை போகவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரமாக வாண்டு என்னோடு பேசவில்லை. மெசேஜ் மட்டும் வருகிறது. "அம்மா இங்க சிக்னல் சரியில்ல, மெசேஜ்தான் போகும்" என்று. சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளுகிறாள். குளித்தேன், சாப்பிட்டேன், பல் வலிக்கிறது என்று ஒன்று விடாமல் போனில் கொட்டுகிற பிள்ளை. காது வலிக்குதுடி, வை என்று நான் சொன்னால்தான் வைப்பாள். நானும் ஒரு முட்டாள், பாவம் வேலை அதிகம் போலிருக்கிறது என்று இருந்திருக்கிறேன்.

உங்கள் சிஷ்யன் நெட்டைக்குப் போன் போட்டேன். எதிரில் வாள் பிடிப்பது அவன்தானே. சிக்னலே இல்லாத அதே இடத்தில் முதல் மணிக்கே எடுத்தான். வாண்டு எப்படி இருக்கிறாள் என்றேன். "சூப்பரா இருக்கா அண்ணி" என்றான். அவள் கழுத்து எப்படி இருக்கிறது என்றேன். அத்தனை உயரம் இருந்து என்ன, அவனுக்குப் பொய் சொல்ல வராது. அழுதுவிட்டான். "நான் வேணும்னு மிதிக்கல அண்ணி. அவ முன்னாடி பாயணும், நான் அவ பின்னாலேயே ஒட்டி வரணும், மாஸ்டர் அப்படித்தான் அமைச்சிருக்காரு. மிதிச்சாலும் கழண்டுடும்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

நீங்கள் தைத்துவிட்டதை அவனிடம் சொல்லவே இல்லையா? தைத்ததைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. பட்டன் விட்டுவிடும் என்று நம்பி அமைத்த சண்டை அது. பட்டனை மூடிவிட்டு, சண்டையை அப்படியே விட்டுவிட்டீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன் இதைச் செய்திருந்தால் அவனைக் கூடத்து வாசலோடு துரத்தியிருப்பீர்கள்.

காரணத்தையும் நெட்டைதான் சொன்னான். ராணி மிதக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று ராட்சத மின்விசிறி வைத்தார்களாம். அந்தக் காற்றுக்கு மேலங்கி டேக்குக்கு டேக் கழன்று விழுந்ததாம். டைரக்டர் எல்லார் முன்னாலும் "உங்க வீட்டம்மா தச்சது ஒரு டேக் கூடத் தாங்கலையே மாஸ்டர்" என்றாராம். நீங்கள் உடனே ஊசி கேட்டு வாங்கினீர்களாம். உங்களைச் சொன்னதற்கு இல்லை, அண்ணியைச் சொன்னதற்குத்தான் மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது என்று உங்களுக்காகப் பரிந்து வேறு பேசினான். நன்றாக இருக்கிறது. என் மானத்தைக் காப்பாற்ற என் பிள்ளையின் கழுத்தில் சுருக்குப் போட்டீர்களா? என் தையலைப் பழித்தால் பழித்துவிட்டுப் போகட்டும். அது கழன்று விழுந்ததென்றால் அது தன் வேலையைச் செய்தது. அந்த ஆளிடம் அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

வாண்டுவே "தச்சுடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாளாம். சொல்லத்தான் செய்வாள். மாஸ்டர் பொண்ணு, அதனால சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவள் நெருப்பில்கூட நடப்பாள். நீங்கள் அதற்கு மேல். போன படத்தில் ஒரு பெண் சண்டைக்குக் காதில் சின்ன வளையத்தோடு வந்தாள் என்று திட்டி, நாள் முழுக்க ஓரமாக உட்கார வைத்தீர்கள். ஊரான் வீட்டுப் பிள்ளையின் காதுக்கு அவ்வளவு பதறுகிறவருக்கு, சொந்தப் பிள்ளை என்றால் கழுத்துகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இதற்குப் பெயர் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அவளுக்குத் தொண்டைக்குள் வீங்கியிருக்கிறது, டாக்டர் பேசவே கூடாது என்றிருக்கிறார், ஒரு சொட்டுக் குரல் வரவில்லை. இதெல்லாம் நான் அவளுக்கு அம்மாவாக இருந்தும் மூன்றாம் மனிதன் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். நீங்கள் "நாங்கள் நலம்" என்று சீட்டு எழுதுகிறீர்கள்.

மேலங்கியை வெட்டிக் கந்தலாக்கிக் குப்பையில் போடத்தான் முதலில் தோன்றியது. போட்டிருந்தால் அங்கேயே எதையாவது கிழித்து ஒட்டி அவள் தோளில் மாட்டுவீர்கள் என்பதால் போடவில்லை. இந்தப் பார்சலில் இரண்டு மேலங்கி இருக்கிறது. தரை வரை நீளமானது, ராணி சும்மா நிற்பதற்கும் மிதப்பதற்கும். விசிறி, காற்று, புயல் எதை வேண்டுமானாலும் டைரக்டர் வைத்துக்கொள்ளட்டும். சண்டைக்கு முழங்காலோடு நிற்கும் இந்தச் சின்னது. புதுப் பட்டன் வைத்திருக்கிறேன், கழுத்துப் பட்டையை எடுத்தே விட்டேன். ராணியின் மேலங்கி ஏன் குட்டையாகிவிட்டது என்று யாராவது கேட்டால், அதுதான் அவங்க கலாச்சாரம் என்று சொல்லுங்கள். அப்படியும் இதில் எவனாவது ஊசி வைக்க வந்தால், முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு முன்னால் பாயுங்கள். நெட்டையைப் பின்னாலிருந்து மிதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சண்டையின் மிச்சத்தை இந்த வாரக் கடைசியில் எடுக்கப் போகிறார்களாமே. ராணிக்கு முகமூடி இருப்பதால் முகம் தெரியாது, வசனமும் கிடையாது, குரல் இல்லாவிட்டால் என்ன, அவளே செய்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறதாம். நீங்களும் தலையாட்டியிருக்கிறீர்களாம்.

உங்கள் கூடத்துக்கு யார் புதிதாக வந்தாலும் வாளைக் கையில் கொடுப்பதற்கு முன் என்ன செய்யச் சொல்வீர்கள்? தொண்டை கிழிய "நில்" என்று கத்தச் சொல்வீர்கள். அந்தச் சத்தம் கேட்டால் மாஸ்டரோ டைரக்டரோ யாராக இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கத்தக் கூச்சப்படுகிறவனுக்கு நீங்கள் குச்சியைக்கூடத் தரமாட்டீர்கள். வாண்டுவையும் அப்படித்தான் கத்த வைத்தீர்கள், பக்கத்துத் தெருவுக்கே கேட்டது. இப்போது அவளுக்குக் குரல் இல்லை. வாயசைத்தாலும் முகமூடிக்குள் யாருக்கும் தெரியாது. நடுச் சண்டையில் அவளுக்கு மூச்சு முட்டினால் எதைச் சொல்லி அவர்களை நிறுத்துவாள்? நீங்கள் அதை யோசித்தீர்களா, இல்லை, யோசிக்கப் பயந்தீர்களா?

டாக்டர் சரி என்று சொல்லி, அவள் உங்கள் முன்னால் நின்று உங்கள் காதடைக்கக் கத்தும்வரை அவளை அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் ஏற்றாதீர்கள். படம் நின்றால் நிற்கட்டும், உங்கள் பெயர் போனால் போகட்டும். நாம் இருவரும் சேர்ந்து வேறு வேலை தேடிக்கொள்ளலாம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. அவளால் சொல்ல முடியாததை இந்த ஒரு தடவை அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அந்தத் தளமே நிற்கும். அவளும் நிற்பாள்.

மாத்திரையை மறக்காதீர்கள். இரண்டு பேரும் முழுசாக வீடு வந்து சேருங்கள். திட்டுவதற்கு எனக்கு நீங்கள் வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உங்கள் மனைவி.

பின்குறிப்பு: இதை மட்டும் வாண்டுவிடம் காட்டுங்கள். கண்ணு, அம்மாவுக்கு எல்லாம் தெரியும். உன்மேல் கோபம் இல்லை. நான் போன் போடுகிறேன். நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். எடுத்துக் காதில் வைத்துக்கொள், நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.