அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்

சேற்றில் நின்றும் சிரித்துக்கொண்டிருந்த என் மச்சான் முத்தையாவுக்கு,

நீ சொன்னதுதான் நடந்தது, போ! நம் கேரித் தீவுத் தோட்டத்தில் ஆற்றுக்கரையை வெட்டிவிட்டார்கள். கடல் ஏறும்போது கலங்கல் தண்ணீர் பள்ளத்துக்குள் வந்து, வண்டலைப் படியவிட்டுத் திரும்பிப் போகிறது. இரண்டு சாண் மண் ஏறிவிட்டது. தண்ணீர் இறங்கும் வேகத்தில் மதகு வாயும் தானே சுத்தமாகிறது. இந்த மழைக்கு லயத்து வாசலில் தண்ணீர் நிற்கவில்லை.

"ஆறு கொண்டாற மண்ண நாம எதுக்கு வெட்டி வெட்டி வெளியே கொட்டணும்? உள்ளே விட்டா பள்ளம் மேடாயிடும்லா" என்று நீ சொன்னபோது, துரையோடு சேர்ந்து நானும் சிரித்தேனே. என் வாயில் மண்ணைப் போட!

பெரிய தண்ணீருக்குப் பயந்து அமாவாசையன்று நாம் ஆற்றில் இறங்கமாட்டோம். அது கழிந்த மூன்றாம் நாள், மதகு வாயை அடைத்திருந்த வண்டலை வெட்டப் போனோம். கரையைப் பார்த்துவிட்டு நீ தயங்கினாய்.

"இன்னைக்கு வேணாம் மாப்ளே. நேத்து தண்ணி எது வரைக்கும் ஏறியிருக்கு பாரு."

"அமாவாசைதான் போயிடுச்சே! பயமா இருந்தா உன் தங்கச்சி சேலைய வாங்கிக் கட்டிக்க" என்றேன்.

நீ சிரித்துக்கொண்டே இறங்கினாய்.

பெரிய தண்ணீர் அமாவாசையன்று வராது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும் என்று பக்கத்து மலாய்க் கம்பத்து மீனவர் ஒருவர் பிறகு சொன்னார். இனி யாருக்கு வேண்டும் அந்தச் சேதி? தொடைவரை சேற்றில் புதைந்து நின்றாய். நான் கயிறு எடுத்து ஓடிவருவதற்குள் தண்ணீர் உன் தலைக்கு மேல் போய்விட்டது.

இப்படி உன்னைக் கேலி பேசி இறக்கியதை உன் தங்கச்சி செல்லம்மாவிடம் நான் சொல்லவில்லை, மச்சான். "வேணாம்னு சொன்னேன், கேக்கல" என்று மாற்றிச் சொன்னேன். கட்டிய புருஷன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? ஒவ்வொரு திவசத்துக்கும் உனக்கு இலை போட்டுவிட்டு அழுதுகொண்டே ஏசுகிறாள்: "சொன்ன பேச்சு கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பே இல்ல, பிடிவாதக்காரா!" அந்தச் சோற்றைத்தான் பிறகு நானும் சாப்பிடுகிறேன். எப்படி உள்ளே இறங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

இன்றும் உனக்குத் திவசம். அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள். இலை போடும் முன்பே சொல்லிவிடுவேன். அவள் என்னை விட்டுப் போனாலும் போகட்டும். இனி ஒரு நாளும் உன்னை ஏச விடமாட்டேன்.

அவள் கேட்ட பிறகும் நம் உறவுமுறை மிஞ்சுமானால்,
உன் மாப்பிள்ளை
வேலு