சக்கரம் வைத்த குடம்

மாசி 10, திங்கள்
காலையில் பனி. எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில்.

என் டிரெய்லர் தொட்டியில் இருந்த தண்ணீர் முழுவதையும் நடுத்தெருவில் திறந்துவிட்டார்கள். நூற்றிருபது லிட்டர். ஊருணித் தண்ணீர். திறந்துவிட்டது என் சொந்தத் தங்கை ராக்காயி. இந்த மாதம் ஊருணிக் காவல் முறை அவள் வீட்டுக்கு. ஒரு மாத அதிகாரத்துக்கே இத்தனை ஆட்டம்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். ஆறு மணிக்கு ஜீப்பில் டிரெய்லரை மாட்டிக் கரைக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன். குழாயின் முனையைத் தண்ணீரில் இறக்கி, கைப்பம்பால் இருபத்தைந்து நிமிடம் அடித்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. தொட்டி நிரம்பித் திரும்பும்போது தெருமுனையில் மறித்தாள். நான் இறங்குவதற்குள் தொட்டியின் அடியில் இருக்கும் திறப்புக் குழாயைத் திருகிவிட்டாள்.

"மோட்டார் போடக்கூடாதுன்னு போர்டு இருக்குல்லண்ணே?"

"இது மோட்டாரா? கையால அடிச்சது."

"குடத்துலதான் மொள்ளணும்."

"இதுவும் குடந்தான். சக்கரம் வச்ச குடம்."

"அப்ப இடுப்புல தூக்கி வையி, பாப்போம்."

தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து என் தண்ணீரைக் குடித்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை மீமிசல் கிளம்ப வேண்டும். கடற்கரையில் நண்பர் காதரின் சவுக்குத் தோப்பில் நான்கு நாள் கூடாரவாசம். டிரெய்லர் முழுக்க நானே செய்தது. படுக்கை, அடுப்பு, மடக்குக் கூரை. வரைபடம் கிடையாது. வீடியோ பார்த்தேன், அதில் பாதி தப்பு, திருத்திச் செய்தேன்.

அலமேலு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணம், சாவு தவிர வெளியில் ஓர் இரவு தங்காதவள். என்னைக் கட்டிய நாற்பத்தாறு வருடத்தில் முதல் முறை. ஒரே நிபந்தனை: "ஊருணித் தண்ணி வந்தா நானும் வாரேன். இல்லாட்டி நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

மாசி 11, செவ்வாய்
கண்ணாடி போட்டுக்கொண்டு போய் போர்டைப் படித்தேன். மூன்றே வரி.
1. மோட்டார் வைக்கக் கூடாது.
2. செருப்புடன் இறங்கக் கூடாது.
3. வீட்டுக்கு நாளைக்கு மூன்று குடம்.
கைப்பம்பு பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாவது வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். தம்பி முறை ஒருவரின் மகன். தேநீர் வாங்கிக் கொடுத்தார். "பெரியப்பா, நீங்க சொல்றது நாயந்தான். ஆனா ராக்காயி அத்தையை எதுத்துக்கிட்டு நான் இந்த ஊர்ல இருக்க முடியுமா?"

தேநீர் நன்றாக இருந்தது.

மாலை புதுக்கோட்டையிலிருந்து கேன் தண்ணீர். அலமேலு ஒரு வாய் குடித்தாள், வெளியே போய்த் துப்பினாள். "தண்ணின்னா ஒரு ருசி வேணாமா? இது வெறும் ஈரம்."

காதருக்குப் போன் செய்தேன். வளைகுடாவில் பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர். தொட்டியை அச்சுக்கு முன்னால், தாழ்வாக வை, பின்னால் வைத்தால் வால் ஆடும் என்று சொன்னவர் அவர்தான். (நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.) "இங்க போர்ல வர்றது உப்புண்ணே. கை கழுவலாம், கால் கழுவலாம். பருப்பு வேகாது. தண்ணி மட்டும் கொண்டாங்க, மீன் என் பொறுப்பு."

மாசி 12, புதன்
பருப்பு வேகாது என்று அலமேலுவிடம் சொல்லியிருக்கக் கூடாது. எடுத்து வைத்த பையை மறுபடி பரண் மேல் போட்டுவிட்டாள்.

ராக்காயி வீட்டுக்குப் போனேன். நியாயம் கேட்க. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"இன்னைக்கு நீ கைப்பம்பு. நாளைக்கு ஒருத்தன் லாரியோட வருவான். அண்ணனை விட்டீல்ல, என்னை ஏன் மறிக்கிறன்னு கேட்பான். என்ன சொல்றது?"

இதற்குப் பதில் இருக்கிறது. இன்னும் தோன்றவில்லை.

குடத்திலேயே மொண்டு ஊற்றுவதென்று தற்காலிகமாக ஒப்புக்கொண்டேன். அவளே வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கிட்டு ஊத்துறது?"

பக்கவாட்டில் இருக்கும் ஓர் அங்குலக் குழாயைக் காட்டினேன்.

"இதுல குடத்தைச் சாச்சா முக்காவாசி மண்ணுக்குத்தான். ஏண்ணே, தொட்டிக்கு வாயே வைக்கலையா? பூராத்தையும் ஒனக்கே வச்சுக்கிட்டியா?"

அலமேலு உள்ளே சிரித்தது கேட்டது.

அது குழாய்க்காகச் செய்த தொட்டி. குழாய்க்கு அதில் ஒரு குறையும் இல்லை. இதைச் சொன்னேன். கேட்க ஆள் இல்லை.

மதியம் டிரெய்லர் தரையை அறுத்து, அடியில் இருக்கும் தொட்டியின் மேல் ஒரு சாண் அகலத்தில் வாய் வைத்தேன். பழைய எவர்சில்வர் தூக்கின் திருகுமூடி, ரப்பர் வளையத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. கைவிட்டு உள்ளே தேய்த்துக் கழுவவும் வசதி. இதை முதலிலேயே செய்ய நினைத்திருந்தேன், நேரமில்லாமல் போனது.

ஒரு நாள் வீண்.

மாசி 13, வியாழன்
பனி. ஊருணிப் படிக்கட்டு சில்லிட்டது. வீட்டுக்கு ஒரு குடம், தொட்டிக்கு இரண்டு.

படியில் இருந்த பெண்களுக்குக் கொண்டாட்டம். "மாமா, தோள்ல வச்சா முதுகெல்லாம் நனையும், இடுப்புல வைங்க." "இடுப்பு எங்கிட்டு இருக்குன்னு மாமாவுக்கே தெரியாதுடி."

தோளில்தான் வைத்தேன். முதுகு நனைந்தது.

ஒன்று கவனித்தேன். குடத்தில் தண்ணீர் முட்ட இருந்தால் அலம்புவதில்லை, கழுத்துக் கீழே இறங்கினால்தான் அலம்புகிறது. தொட்டியில் இதைத் தடுக்கத்தான் துளையிட்ட தகடுகள் மூன்று வைத்து ஒட்டினேன். குடம் செய்தவன் ஒரு கழுத்தோடு முடித்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

மாசி 14, வெள்ளி
இரண்டு குடம். மொத்தம் நான்கு. முழங்கால்: வலது மோசம், இடது பரவாயில்லை.

திருமயம் போகும் சரளைப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். பாதிக்கும் குறைந்த தொட்டிதான் ஆபத்து, வளைவில் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் சாயும், வண்டியைத் தள்ளும். தள்ளவில்லை. மூன்று முறை வேண்டுமென்றே வளைத்தேன். தகடுகள் வேலை செய்கின்றன.

திரும்பி வந்ததும் அலமேலு டிரெய்லரைச் சுற்றி வந்தாள். "ஆடாதுல்ல?" என்றாள். அவ்வளவுதான். பரணைப் பார்த்தேன். பை அங்கேயே.

கணக்கு உதைக்கிறது. தொட்டி நிரம்பப் பத்துக் குடம் வேண்டும். ஞாயிறு காலையோடு எட்டுதான் தேறும். குடிக்க, சமைக்க, அவள் தலைக்கு ஊற்ற. குறைத்துக்கொண்டு போகச் சொன்னார் காதர். பத்து என்று அவளிடம் சொல்லியாயிற்று. எட்டோடு கிளம்ப மாட்டேன்.

மாசி 15, சனி
மேகம். மழை இல்லை.

இரண்டு குடம் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். வாசலில் மூடி திறக்கும் சத்தம். ராக்காயி. தன் வீட்டுக் குடம் ஒன்றைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு இன்னொன்றைத் தூக்குகிறாள்.

"ஒன் வீட்டுக்கு?" என்றேன்.

"நேத்துத் தண்ணி கெடக்கு. இது ஒனக்கில்லண்ணே, மதினிக்கு."

மூடியைத் திருகி, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சரியாகத்தான் திருகியிருந்தாள்.

மாலை பரணில் பை இல்லை. எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறும்.

நாளை செய்ய வேண்டியவை:

நான்: ஐந்தரைக்குக் கடைசி இரண்டு குடம். டயரில் காற்று. தொட்டியின் திறப்புக் குழாய்க்குக் கல் படாமல் தகடு, யாரும் திருகாமல் பூட்டு.

ராக்காயி: வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். திங்கள் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவசரமில்லை.

தலைவர்: போர்டில் நான்காவது வரி எழுத வேண்டும். கைப்பம்பும் கூடாது. எழுதாமல் விட்டால் நாளைக்கு எவனாவது லாரியோடு வருவான்.

காதர்: மீன். முள் குறைந்ததாக.

அலமேலு: ஜீப்பில் முன் இருக்கையில் ஏறி உட்கார வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.