தட்டிப் பார்த்த பாலம்

அண்ணாச்சி,

நேற்று நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் சிற்றாற்றங்கரைப் பூங்காவில் இறங்கினேன். நம் பழைய வளைவுப் பாலத்தை மறித்திருந்த சுவரை இடித்துவிட்டு, அதற்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஆள் நடக்கக்கூட லாயக்கில்லை என்று அடைத்த பாலத்தின் மேல், சீசனுக்கு வந்த ஒரு வேன் கூட்டம் மொத்தமும் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

நாம் அதைச் சோதித்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் இன்ஜினியர், நான் உங்களுக்குக் கீழே ஒர்க் இன்ஸ்பெக்டர். சாரத்தில் ஏறி ஒவ்வொரு வளைவையும் சுத்தியலால் அடியடியாகத் தட்டினேன். நீங்கள் காதைச் சாய்த்துக்கொண்டு கீழே நின்றீர்கள். உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருந்தால் 'பொத்'தென்று கேட்கும். ஓரிடத்திலும் அப்படிக் கேட்கவில்லை, எல்லாம் கணீரென்றது. "ஏலே, நம்ம ரெண்டு பேரையும் அனுப்பி வச்சிட்டுத்தாம்லே இது போவும்" என்று சிரித்தீர்கள்.

அறிக்கையில் 'வலுவில்லை' என்று எழுதினீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"ரிட்டயர்டு ஆவ ரெண்டு மாசந்தாம்லே கிடக்கு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எவன் பதில் சொல்லுதது?"

அந்தப் பயம்கூட எனக்குப் புரிந்தது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் வந்து கேட்டபோது, "தட்டிப் பாத்தது அவன். அவன் சொன்னத நான் எழுதுனேன், அவ்வளவுதான்" என்று என்னைக் கைகாட்டினீர்களே, அது எந்த ஊர் நியாயம்? இன்றைக்கும் ஊரில் பாலத்தை அடைத்தவன் நான்தான்.

வயலும் சுடுகாடும் எங்களுக்கு அக்கரையில். பாலத்தின் வாயில் சுவர் எழுப்பிய வருஷமே, ஐப்பசி மழையில் அப்பா இறந்தார். பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். கொள்ளிச்சட்டியோடு நான் முன்னால், பாடைக்குத் தோள் கொடுத்து நீங்கள் பின்னால். கூட்டத்தில் ஒருவர், "பெத்த அப்பனையும் சுத்த வச்சிட்டான் பாத்தியளா" என்றார். நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் தோளை மாற்றிக்கொண்டீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த அன்று உங்கள் மகன் என் வீட்டுக்கு வந்தான். "சித்தப்பா, நீங்க ஒரு தோள் குடுக்கணும்னு அப்பா சொல்லியிருக்காவ."

"மூட்டுவலிப்பா, நடக்க முடியல" என்றேன். அவன் நம்ப வேண்டுமே என்று வாசல்வரை நொண்டிக் காட்டினேன்.

காலுக்கு ஒன்றுமில்லை, அண்ணாச்சி. ஆனால் அவன் இப்போதும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "கால் எப்படி இருக்கு சித்தப்பா?" என்று விசாரிக்கிறான். அவன் எதிரில் மட்டும் இன்றுவரை நொண்டித்தான் நடக்கிறேன்.