ஜெசிந்தாவின் இரும்புக் கையுறை

கொழும்பில் ஒரே பாயில் என்னோடு படுத்தெழும்பிய என் ஜெசிந்தாவுக்கு,

இன்று காலை எழுந்ததும், அடுப்பில் கேத்தலை வைக்க முன்னமே, உன்னுடைய இரும்புக் கையுறையை எடுத்து இடது கையில் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை. சேவியரும் ஷர்மியும் இன்னும் எழும்பவில்லை. அந்தச் சின்னச் சின்ன வளையங்கள் எல்லாம் இரவுக் குளிரை வாங்கி வைத்திருந்தன. பெருவிரலில் மட்டும் கொஞ்சம் இறுக்கம். மற்றபடி எனக்கும் அளவுதான். போட்ட கையோடு யன்னலடியில் நின்று, இந்த டேனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதத்தில் இங்கே விடிவது எப்போதென்று உனக்குத் தெரியும்தானே.

உனக்கு ஒரு செய்தி. அரசாங்கம் விழுந்துவிட்டது. இந்தப் பொங்கலோடுதான். எங்களால்தான் விழுந்ததாம். நீயும் நானும் கொழும்பில் காத்துக் கிடந்த காலத்தில், குடும்பங்களை அழைக்கும் விண்ணப்பங்களை இங்கே மேலிடத்தில் வேண்டுமென்றே தூங்க வைத்தார்கள் என்று விசாரித்த நீதிபதி எழுதிவிட்டார். தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் தமிழர் வழக்கு, தமிழர் வழக்கு என்கிறார்கள். பேக்கரியில் ரொட்டி தருகிற பெண்கூட என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.

வேலைத்தளத்தில் எங்களோடு பொதி செய்கிற இங்கரை நீ மறந்திருக்கமாட்டாய். மாலை வேலையில் மிஞ்சியிருக்கும் ஒரேயொரு டேனிஷ்காரி. அன்றைக்கு அவள் கேக் செய்துகொண்டு வந்தாள். அதன்மேல் சின்னச் சின்னக் கொடிகள் குத்தியிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, “கிறேஸ், நீங்கள் வென்றுவிட்டீர்கள்!” என்றாள். நான் கேக்கைச் சாப்பிட்டேன். நல்ல கேக். ஆனால் யார் வென்றார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, ஜெசி.

தமிழருக்குத் தங்கள் மனைவிமாரை அழைக்கும் உரிமை மறுக்கப்பட்டது என்கிறார்கள். சரிதான். அந்தப் பேச்சு முழுவதிலும் நாங்கள் சுங்கத்தில் தேங்கிய பொதிகள். வந்து சேரவேண்டியவர்கள், அவ்வளவுதான். காத்திருந்த அந்தக் காலத்தில் நாங்கள் யாராக இருந்தோம் என்று யாராவது கேட்டார்களா? நீ மன்னாரில் வங்கியில் இருந்தவள். நான் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். தனியாக வந்த பெண்களுக்கு அறை இல்லை என்று கொழும்பு லொட்ஜ்காரர் சொன்னபோது, அதற்கு முன் ஒருமுறைகூட என்னைக் கண்டிராத நீ, என் கையைப் பிடித்து இழுத்தாய்.

“இவ என்ரை சொந்த அக்கா. இது என்ரை பெறாமகள். இனிச் சொல்லுங்கோ ஐயா, அறை இருக்கோ இல்லையோ?”

இருந்தது. ஷர்மி அப்போது தவழ்ந்து முடித்து ஓடத் தொடங்கிய வயது. அன்றிலிருந்து நான் உனக்கு அக்கா.

நீ இங்கே வந்து சேர்ந்தபோது உனக்கு நாற்பது நெருங்கியிருந்தது. உனக்கும் அன்ரனுக்கும் பிள்ளை கிடைக்கவில்லை. அந்தக் காத்திருப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாயா என்றும் எனக்குத் தெரியாது. ஷர்மியின் தலையை இழுத்துப் பின்னிவிட்டபடி பேச்சை மாற்றியிருப்பாய்.

வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கோழி வெட்டும் தொழிற்சாலைக்குப் போனோம். நகரசபையான கொம்யூன் அலுவலகத்துப் பெண் எங்களைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! இங்கே பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போவார்கள், இது சமத்துவமான நாடு, நீங்களும் வந்துவிட்டீர்கள் என்றாள். ஓம், வந்துவிட்டோம். ஹூஸ்மோர்ஹோலுக்கு வந்தோம். வீட்டுக்காரிகளின் வேலைமுறை. பிற்பகல் கணவன் வேலை முடித்து வெளியே வரும்போது மனைவி உள்ளே போவது. இங்கர் இளம் பெண்ணாக இருந்த காலத்தில் அவளைப் போன்றவர்களுக்கென்று தொடங்கியதாம். அந்தப் பெண்கள் போராடிப் பகல் வேலைக்கு மாறிவிட்டார்கள். கழற்றி வைத்த உடுப்பைத் தேவாலயத்துக் கடையில் வாங்குவதுபோல, அவர்கள் விட்டதை நாங்கள் வாங்கிப் போட்டுக்கொண்டோம்.

தொழிற்சாலைக் கதவடியில் நடக்கும் அந்தக் கைமாற்றலை நினைத்துப் பார்க்கிறாயா? சேவியர் வெளியே வருவார். நான் ஷர்மியையும் வீட்டுத் திறப்பையும் கொடுப்பேன். சோறு எதில், கறி எதில் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுவேன். கணவனும் மனைவியும் நின்று கதைப்பது அந்தக் கதவடியில் மட்டும்தான். “நாங்கள் குடும்பம் நடத்தேல்லை அக்கா, காவல் மாத்திறம்,” என்று நீ சொன்னாய். அப்போது சிரித்தேன்.

மாலை நேரப் பள்ளிக்கூடமும் அதே நேரத்தில்தான். சேவியர் ஷர்மியை அயல்வீட்டில் விட்டுவிட்டுப் போனார், அன்ரன் போனார். அவர்களுடைய டேனிஷ் வளர்ந்தது. என்னுடைய டேனிஷ் கால், நெஞ்சு, தோல், பெட்டி, கெதியாக என்ற சொற்களோடு நின்றது. இங்கே திரும்பப் படிப்பிக்க வேண்டுமானால் நான் மறுபடி படிக்க வேண்டும். படிக்க வேண்டுமானால் மாலை எனக்கு வேண்டும். மாலை வேண்டுமானால் பகல் வேலை வேண்டும். பகலில் எங்களுக்கு இருந்த ஒரே வழி, ஆண்கள் வரிசையாக நின்று எலும்பிலிருந்து இறைச்சியை அறுத்தெடுக்கும் கத்தி மேசைதான். இதை முதலில் கண்டுபிடித்தது நீ.

நீ மேற்பார்வையாளர் ஹென்றிக்கிடம் போய்க் கேட்டாய். உங்கள் கைக்கு ஏற்ற கையுறை இல்லை, எல்லாம் ஆண்களின் அளவு என்றார். சட்டம் இங்கே யாரையும் தடுக்கவில்லை. கையுறைதான் தடுத்தது. நீ இங்கரைப் பிடித்தாய். கடற்கரைப் பக்கத்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவளுடைய தங்கை மூலம், மீன் அறுக்கும் பெண்கள் போடும் சின்னக் கையுறை ஒன்றை எடுப்பித்தாய். அதைப் போட்டுக்கொண்டு, தேவதூதர் இறங்கி வந்ததுபோல ஹென்றிக்கின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாயே!

அவருக்கு உண்மையில் சந்தோஷம். ஆனால் மறுநாள், முகத்தை மென்மையாக வைத்துக்கொண்டு வந்தார். “உங்கள் கணவரிடம் கேட்டேன். உங்கள் கலாசாரத்தை நாங்கள் மதிக்கிறோம்,” என்றார்.

அவர் அன்ரனைக் கேட்டது கோப்பி இடைவேளையில், எங்கள் ஆண்கள் எல்லாரும் இருந்த மேசையில். அங்கே வைத்து அந்த மனிதன் என்ன சொல்லுவார்? எங்கட பெண்கள் கத்தி வேலை செய்யிறதில்லை என்றிருக்கிறார். எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். சேவியரும் அந்த மேசையில்தான் இருந்தார்.

உடுப்பு மாற்றும் அறையில் நீ வாங்கில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

“அக்கா, எங்கட வீட்டிலை மீன் வெட்டினது ஆர்? இவரோ? விளைமீனுக்குச் செதில் எந்தப் பக்கம் எண்டு கேட்டுப் பாருங்கோ இவரை!”

“வீட்டிலை கதை ஜெசி. அன்ரனோடை கதை.”

“எப்ப கதைக்கிறது? கதவடியிலையோ?”

சிரித்து முடிந்து கையுறையைக் கழற்றினாய். மடித்துப் பையில் வைத்தாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ கதைக்கவே இல்லை. நோய் வந்ததும், ஆஸ்பத்திரியும், இந்தக் கடைசி இலையுதிர்காலமும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உன் அடக்கத்தில் நிறையப் பேர் வந்தார்கள். அன்பான மனைவி என்றார்கள். விருந்தோம்பலில் சிறந்தவள் என்றார்கள். நினைவுப் புத்தகமான கல்வெட்டிலும் அப்படித்தான் அச்சடித்தார்கள். நீ வங்கியில் வேலை செய்தவள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கோழித் தொழிற்சாலையில் நின்றவள் என்றுகூடச் சொல்லவில்லை. அதை மரியாதைக் குறைவென்று நினைத்தார்கள்போல. குருவானவர் டேனிஷ்காரர். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தானே அவர் சொல்ல முடியும்?

சில நாள் கழித்து அன்ரன் உன்னுடைய வேலைப் பையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நின்றார். “இதை எறியிறதோ வச்சிருக்கிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை, அக்கா,” என்றார். கண்ணைப் பார்க்கவில்லை. நான் வாங்கி வைத்தேன். ஜெசி, இந்தக் கடிதத்தை எங்கள் தமிழ்ச் சஞ்சிகைக்கு அனுப்பப் போகிறேன். அவர் இதை வாசிப்பார். வாசிக்கட்டும். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அன்றைக்கு அந்தக் கோப்பி மேசையில் அவரைத் தவிர வேறு எவருமே கேட்கப்படவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது இந்தக் கிழமை நடந்ததற்கு வருகிறேன். கத்தி மேசையில் ஒருவர் நேற்றோடு ஓய்வு பெற்றுவிட்டார். அரசாங்கம் விழுந்ததாலோ என்னவோ, ஹென்றிக்குக்கு எங்கள்மேல் புது அன்பு. நேற்று வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, “கிறேஸ், அந்த இடம் உங்களுக்குப் பிடிக்குமா?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே சொல்லிவிட்டார்: “சேவியரிடம் கேட்டுவிட்டேன். கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை எனக்குத் தெரிய வேண்டும்.”

நேற்றிரவு வேலை முடிந்து வந்தபோது சேவியர் காரோடு நின்றார். ஷர்மி பின்னால் சுருண்டு கிடந்தாள். கார் மெல்லச் சூடானது.

“ஹென்றிக் உம்மைப் பற்றிக் கேட்டவன்,” என்றார்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டனான்.”

“ஆரோடை கதைச்சிட்டு?”

அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்தார். “எனக்கொரு பிரச்சினையுமில்லை, கிறேஸ். ஆனா அன்ரன் அந்தக் கத்தி மேசையிலைதானே நிக்கிறான். அவன் தன்ரை மனுசிக்கு வேண்டாமெண்டவன். அவளும் போயிட்டாள். இப்ப நான் உமக்கு ஓமெண்டா, அவன்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது? ஒரு வருசம் போகட்டும். திவசம் முடியட்டும்.”

பின்னாலிருந்து ஷர்மி தூக்கக் கலக்கத்தில் டேனிஷில் கேட்டாள்: “கத்தியை அப்பாவோ பிடிக்கப் போறார்?”

“நீ படு,” என்றார் சேவியர்.

விளங்குகிறதா, ஜெசி? முதலில் கையுறை தடை. பிறகு கலாசாரம். இப்போது நீ. உன்னுடைய சாவையே தூக்கி எனக்குக் குறுக்கே வைத்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது உனக்கு மறுத்ததை, செத்த பிறகு உன் பெயரைச் சொல்லி எனக்கு மறுக்கிறார்கள். அதற்கு மரியாதை என்று பெயர். ஒரு வருடம் போகட்டுமாம். இந்த நாட்டு அதிகாரிகளும் எங்களுக்கு அதைத்தானே சொன்னார்கள்? கொஞ்சம் பொறுங்கள், பார்க்கலாம், இப்போது காலம் சரியில்லை. அவர்களுக்கு நீதிபதி வந்தார். வீட்டில் தூங்க வைத்த விண்ணப்பங்களை யார் விசாரிப்பார்கள்?

விஞ்ஞானம் படித்த ஒருத்தி, நாற்பத்தைந்து வயதில், கோழியை அறுக்கும் இடத்துக்காக இப்படி ஏங்குகிறாளே என்று இதை வாசிக்கும் சிலர் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை. ஆனால் மாலை ஏழு மணிக்கு ஒரு வகுப்பறையில் போய் உட்காருவதற்கு எனக்கிருக்கும் கதவு அதுதான். அது மணக்கிறது என்பதற்காக வேறு கதவைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு இனிக் காலமில்லை.

உள்ளே சேவியர் இருமுகிறார். எழும்பப் போகிறார். இப்போது தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். ஞாயிறு பூசைக்குப் போவேன். அன்ரனைக் கண்டால் சுகம் கேட்பேன். ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் ஷர்மிக்கு இடம் இருக்குமா என்று, கத்தி மேசையில் வெற்றிடம் வரப்போவதைக் கேள்விப்பட்டதும், போன கிழமையே விசாரித்து வைத்தேன். இருக்கிறது. எதற்கென்று அவர்களுக்கும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிய முன்னம், பகல் வேலைக்காரரோடு நானும் அந்தக் கதவால் உள்ளே போகப் போகிறேன். சேவியரின் காரில் அல்ல, சைக்கிளில். உன்னுடைய கையுறையைப் போட்டுக்கொண்டு கத்தி மேசையில் அந்த வெற்றிடத்தில் நிற்பேன். ஹென்றிக் வந்து உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று கேட்டால், இந்த இடத்தைப் பற்றி நீங்கள் என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும், நான் ஓம் என்கிறேன் என்று சொல்வேன். அந்த ஒரு வசனத்தைப் பிழையில்லாமல் டேனிஷில் சொல்லப் பழகியிருக்கிறேன். அன்ரன் எனக்கு எதிரே நிற்பார். என் கையில் இருப்பது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

சேவியருக்கு முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. இது அச்சில் வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எங்களைப் பற்றிய முடிவுகள் எல்லாம் எடுத்து முடித்த பிறகுதானே உனக்கும் எனக்கும் தெரியவந்தன? ஒரே ஒருமுறை அவருக்கும் அப்படித் தெரியட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கையுறையை இனி மடித்துப் பையில் வைக்கமாட்டேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிய, மற்றவர்களுடையதோடு சேர்த்து, எல்லாரும் காணக் கழுவித் தொங்கவிடுவேன்.

லொட்ஜ்காரருக்கு முன்னால் நீ கையைப் பிடித்து எடுத்துக்கொண்ட
உன் சொந்த அக்கா,
கிறேஸ்